கரும்புள்ளி எண்ணும் லம்துவான் அக்கா

தாய்லாந்தில், எங்கள் கோராட் ஊர் மரவள்ளி மாவு ஆலையில் லம்துவான் அக்காவுக்குக் கரும்புள்ளி எண்ணும் வேலை. மாவைப் பரப்பி, கட்டம் போட்ட கண்ணாடியால் அழுத்தி, உள்ளே தெரியும் கிழங்குத்தோல் துணுக்குகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை மிஞ்சினால் அந்த மூட்டை கப்பல் ஏறாது. பத்தொன்பது வருடமாக அவர் சொல்வதுதான் தீர்ப்பு. பக்கத்து மேசையில் ஈரம் பார்க்கும் நான் ஒரு புள்ளி கூடுதலாகச் சொல்லிவிட்டால், "உன் கண்ணுல தூசிடி, தொடைச்சுக்கோ" என்பார்.

கோளாறு அவர் கண்ணில்தான். ஐம்பது தாண்டியும் மூக்குக்கண்ணாடி போடமாட்டேன் என்று வீம்பு. போட்டால் கிழவி என்பார்களாம்.

போன மாதம் தைவானுக்குப் போன சரக்கு முழுதும் கரும்புள்ளி அதிகம் என்று திரும்பி வந்தது. பெரிய ஜவ்வரிசியாக உருட்டித் தேநீரில் போடுகிறவர்கள் அவர்கள். பாகில் ஊறிக் கறுக்கப்போகிற உருண்டைக்கு மாவு மட்டும் பால்வெள்ளையாக வேண்டுமாம்! ஒரு வாரமாக எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் அந்த மாவில்தான் கொழுக்கட்டை. முதலாளியோ குதித்தார். பழி கிழங்கு கழுவும் சுத்தோன் தலையில் விழுந்தது. சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார். மூன்று மகள்களைப் படிக்க வைக்கிறவன், சரியென்று தலையாட்டினான்.

அன்று மாலையே லம்துவான் அக்கா எங்கள் ஊரைக் காக்கும் யா மோ தெய்வத்தின் சிலைக்கு முன் போய், சுத்தோனுக்கு வேலை நிலைத்தால் பாட்டுக் காணிக்கை என்று வேண்டிக்கொண்டார். எல்லோரும் அதற்குப் பாட்டுக்காரர்களைக் கூலிக்கு வைப்பார்கள். இவர் தானே பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"நீயா? உன் பாட்டுக்குப் பயந்தே யா மோ அவனை வேலைய விட்டு அனுப்பிருவா" என்றார் அவர் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு யா மோவா வந்து முதலாளிகிட்ட சொல்லணும்? உங்க வாய் என்னக்கா ஆச்சு?" என்று கத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா நேரே முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"கழுவுற எடத்துல நாலு துணுக்கு தங்கத்தான் செய்யும், முதலாளி. அதப் புடிக்கத்தான் என்னை ஒக்கார வச்சிருக்கீங்க. எனக்குக் கண்ணு தெரியல. ஒரு வருசமா குத்துமதிப்புதான். அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அக்கா மாட்டிக்கொண்டு மேசை மேலிருந்த மாவைப் பார்த்தார்.

"ஐயய்யோ, இத்தனையா!"

முதலாளியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திங்கக்கெழம கண்ணாடியோட வா. அவனையும் வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சிலைக்கு முன் அக்கா பாடினார். யாருக்காக வேண்டுதலோ அவன் பாட்டு முடியும்வரை முன்னால் உட்கார்ந்து கைகூப்பியிருக்க வேண்டும் என்பது வழக்கம். அங்கே காத்திருந்த கூலிப் பாட்டுக்காரர்கள் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள். சுத்தோன் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் குனிந்தான்.

"வேலை போயிருந்தாகூட இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்க்கா" என்றான். கூப்பிய கையை மட்டும் இறக்கவில்லை.