கைக்கு வந்த துண்டுச்சீட்டு

பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் தெரிந்த ஒரு கேபிள் சேனலில் எட்டு வருஷம் செய்தி வாசித்தேன். வாசிக்கும்போதே பக்கத்திலிருந்து ஒரு கை துண்டுச்சீட்டை நீட்டும். கறவை மாடு காணவில்லை, நாளைக்கு மின்தடை, எதுவானாலும் முன்கூட்டிப் பார்க்காமல் தங்குதடையின்றி வாசித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தில்தான் எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலருக்கு நின்றேன். எல்லா வீட்டுக்கும் தெரிந்த முகம், ஜெயித்துவிடலாம் என்று நினைப்பு. தோற்றேன். மறுபடி நின்றபோது சேனலில் என் நாற்காலியும் வேறொருவருக்குப் போயிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் இனி மைக்கே கிடையாது.

பிரசாரத்தின் கடைசி நாள், வேனில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். தெருமுனைத் தையல்கடை அக்கா ஒரு சீட்டை நீட்டினார். வாழ்த்தாக இருக்கும் என்று வாங்கி, பழைய பழக்கத்தில் அப்படியே மைக்கில் வாசித்தேன்.

“போன தடவையும் தெருக்குழாய் போட்டுத் தரேன்னீங்க. தோத்ததும் இந்தப் பக்கமே தலைகாட்டல. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?”

பாதியிலேயே புரிந்துவிட்டது. பாழாய்ப்போன நாக்கு நின்றால்தானே! சுத்தமான உச்சரிப்பில் கடைசி எழுத்துவரை வாசித்துத் தொலைத்தேன். தெருவே சிரித்தது. வேன் ஓட்டிய என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “தப்புதாங்க்கா. வந்திருக்கணும்” என்றேன், மைக்கிலேயே.

“ஜெயிச்சா வர்றீங்களான்னு பாப்போம்” என்றார் அக்கா.

ஜெயித்தேன். அந்தத் தெரு ஓட்டுதான் கரைசேர்த்தது என்பார் வீட்டுக்காரர். வேனை அங்கே நிறுத்தியவர் அவராம், அதனால் பெருமையும் அவருக்குத்தானாம்.

பதவியேற்ற மறுநாளே தையல்கடைக்குப் போனேன். அக்கா அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தெருக்குழாய் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். முதல் கூட்டத்தில் அதை எழுந்து நின்று வாசித்தேன். இரண்டாவதிலும், மூன்றாவதிலும் அதையேதான்.

“மேடம், இது கூட்டங்க, நியூஸ் இல்ல” என்றார் தலைவர்.

“தண்ணி வர்ற வரைக்கும் இதாங்க தலைப்புச் செய்தி” என்றேன்.

குழாயில் தண்ணீர் வந்த அன்று அக்கா மறுபடி ஒரு சீட்டை நீட்டினார். இந்தத் தடவை முதலில் கண்ணால் படித்துக்கொண்டேன். பட்டது போதும்.

“தண்ணி வந்துருச்சு. அடுத்தது தெரு லைட்டு. நீங்களே வாசிங்க.”

கையில் மைக் இல்லை. தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன்.