மெத்தையில் மூன்றாவது பள்ளம்

அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள், பட்டப்பகலில், வீட்டுக்காரர்களே வழிகாட்டிக் கூட்டிப்போக நுழைகிற உத்தியோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நூல்காரருக்கு வாய்த்திருந்தது. ஒரு மெத்தைக் கம்பெனியில் பதினாறு வருடமாக அவருக்குக் குறை பார்க்கிற வேலை. பத்து வருட உத்தரவாதம் கொடுத்து விற்ற மெத்தை மூன்றாம் வருடமே பள்ளம் விழுந்துவிட்டது என்று யாராவது புகார் கொடுத்தால், இவர் போய்ப் பார்த்து, அது மெத்தையின் குற்றமா படுத்தவரின் குற்றமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பை நிறையக் கருவிகள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நூற்கண்டு, இரண்டு கிளிப், ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். விரிப்பை உருவிவிட்டு, மெத்தையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூலை விறைப்பாகக் கட்டுவார். நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்துவார். தலைமாட்டில் மூன்று இடம், இடுப்பில் மூன்று, முழங்காலில் மூன்று, ஆக ஒன்பது இடம். ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால்தான் பேச்சு. பிறகு ஒன்பது எண்களையும் படிவத்தில் எழுதி, காரணத்தையும் எழுதி, பேனாவை வீட்டுக்காரரிடம் நீட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்பார். கெஞ்சினாலும் அதே குரல்தான், கத்தினாலும் அதே குரல்தான். அலுவலகத்தில் அவருடைய நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் நூல்காரர்.

வம்பு பேசுகிற ஆளில்லை அவர். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பள்ளத்தைப் பார்த்தே யார் ஒருக்களித்துப் படுக்கிறார், யார் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், எந்த வீட்டில் பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். படிவத்தில் எழுத இடமில்லாததையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் படமாக வரைந்து வைத்துக்கொள்வார். எதற்கும் இல்லை. சும்மா, ஒரு ஆர்வம்தான்.

அந்த நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருந்தவை நாயும் பூனையும். வளர்ப்புப் பிராணி படுக்கையில் ஏறினால் உத்தரவாதம் போச்சு என்பது கம்பெனி விதி. அதனால் எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். கேட்டதும் புருஷன் கூரையைப் பார்ப்பார், மனைவி தரையைப் பார்ப்பார். அப்புறம் ஆரம்பிக்கும் கச்சேரி. பதினாறு வருடத்தில் இந்த ஒரு விஷயத்தில் ஒத்த கருத்துள்ள தம்பதியை அவர் பார்த்ததே இல்லை. ஒருவர் ஏறட்டும் என்பார், இன்னொருவர் கூடவே கூடாது என்பார், நடுவில் அந்த ஜீவன் வாலை ஆட்டிக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

அதில் ஒரு பல் டாக்டர் வீட்டை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. முதல் தடவை போனபோது இரண்டு பள்ளம், நடுவில் நாய்க்கு ஒரு சின்னப் பள்ளம். இரண்டு வருடம் கழித்துப் போனபோது நாயின் பள்ளம் நடுவில் அப்படியே இருக்க, இவர்கள் இருவரும் ஆளுக்கொரு ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தார்கள். மூன்றாம் தடவை, புதிதாக வாங்கிய மெத்தையில், ஒரே ஒரு ஆள் பள்ளம்தான் இருந்தது. டாக்டருடைய தலையணை கூடத்து சோபாவில் கிடந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நூல்காரர் மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாய் ஏறினால் ஆள் இறங்கிவிடுகிறார் என்று அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கா ஒரு நாய் வந்து சேர வேண்டும்? வந்தது, பஸ்ஸில் வந்தது. அவர் மனைவி பஸ் ஓட்டுகிறவர். பயணிகளுக்கு அவர் ஓட்டுநரம்மா. காலை ஐந்து மணி முதல் பஸ் அவருடையது. நாலு மணிக்கெல்லாம் எழுந்து, ஐயா தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவார். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் ஒரு கறுப்பு நாய் ஏறிக் கடைசி இருக்கையின் கீழே படுத்துக்கொண்டது. மூன்று நாள் தொடர்ந்து அதே நேரத்தில் அதே நிறுத்தத்தில் ஏறியது. நாலாம் நாள் ஓட்டுநரம்மா அதைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் பட்டையாக வெள்ளை. அதனால் வக்கீல் என்று பெயராயிற்று.

வந்த அன்றே வழக்கும் ஆரம்பித்தது. ஓட்டுநரம்மாவுக்கு அது கால்மாட்டில் படுத்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று எண்ணம். நூல்காரர் பல் டாக்டர் கதையைச் சொன்னார். டாக்டர் வீட்டில் கோளாறு நாயிடமா டாக்டரிடமா என்று ஓட்டுநரம்மா திருப்பிக் கேட்டார். ஒரு வாரம் இழுத்த பேச்சு கடைசியில் ஒரு ஒப்பந்தத்தில் முடிந்தது. கூடம் வக்கீலுக்கு, சமையலறை வக்கீலுக்கு, படுக்கையறை வாசற்படி வரைக்கும் வக்கீலுக்கு. கட்டிலில் ஏறினால், ஓட்டுநரம்மாவின் தம்பி நடத்தும் மரக்கிடங்குக்குக் காவலுக்குப் போய்விட வேண்டும். ஓட்டுநரம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சந்தேகத்தின்மேல் தண்டனை கூடாது, நூல் போட்டு அளந்து நிரூபிக்க வேண்டும். தன் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை என்று நூல்காரர் மகிழ்ந்துபோய் ஒத்துக்கொண்டார்.

ஒரு வருடம் வம்பில்லாமல் ஓடியது. வக்கீல் வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்து நூல்காரர் பார்த்ததில்லை. இடையில் ஓட்டுநரம்மா பழைய வெளிர்நிற விரிப்புகளை ஓரங்கட்டிவிட்டு, கறுப்புக்குப் பக்கமான கருநீலத்தில் மூன்று விரிப்பு வாங்கிப்போட்டார். அழுக்குத் தெரியாதாம். ஊரார் மெத்தையில் ஒற்றை மயிரைக் கண்டுபிடிக்கிற மனுஷன், சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரம்மாவுக்கு வேறொருவருக்குப் பதிலாக வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. விரிப்பைத் துவைக்கப் போட்டுவிடும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர்கள் வீட்டில் துவைப்பது ஓட்டுநரம்மா, சமைப்பது நூல்காரர். ஆக அவர் தன் வீட்டுக் கட்டிலின் விரிப்பை வெகுநாளைக்குப் பிறகு உருவியதே அன்றைக்குத்தான். ஜன்னல் வெளிச்சம் மெத்தைமேல் சாய்வாக விழுந்தது. அவர் படுக்கும் பக்கம், வெளி ஓரத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு வட்டமான பள்ளம்.

கை தானாகப் பையைத் தேடியது. நூலைக் கட்டி ஸ்கேலை வைத்தார். ஒன்றேகால் அங்குலம். சாப்பாட்டுத் தட்டளவு வட்டம், ஓரத்தில் நாலு கறுப்பு மயிர். திரும்பிப் பார்த்தால் வக்கீல் வாசற்படியில் மூக்கை வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு படுத்திருந்தது. நூல்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாயின்மேல் அல்ல. அவர் வேலைக்குப் போனபிறகு, மத்தியானம் வண்டி முடிந்து வருகிறவர் யார்? கட்டிலில் ஏற்றி இடம் கொடுத்தவர் யார்? தன்னை இவ்வளவு நாள் மடையனாக்கியிருக்கிறாள். அதே சூட்டில் மச்சினனுக்குப் போன் போட்டார். நாலு மணிக்கு வேனோடு வருகிறேன் மாமா என்று அவனும் சொல்லிவிட்டான்.

இரண்டரை மணிக்கு ஓட்டுநரம்மா வந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நூல் கட்டியபடியே இருந்த மெத்தையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். மச்சினன் வருகிற சேதியைக் கேட்டபோது மட்டும் கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அழுவார், சண்டைக்கு வருவார் என்று நூல்காரர் தயாராக இருந்தார். ஓட்டுநரம்மா ஒன்றுதான் கேட்டார்.

"ஒம்போது இடமும் அளந்தீங்களா?"

"ஒரு இடமே போதுமே. கண்ணுக்கு முன்னாடி கிடக்கு."

"ஊரார் வீட்ல ஒம்போது, நம்ம வீட்ல ஒண்ணா? படிவத்த முழுசா எழுதுங்க. எழுதிட்டு அனுப்புங்க, நான் ஒரு வார்த்தை பேசல."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. நூல்காரருக்குச் சுருக்கென்றது. பதினாறு வருடத்தில் ஓரிடத்தை மட்டும் அளந்து அவர் யாருக்கும் தீர்ப்புச் சொன்னதில்லை. ஒரு படிவத்தை எடுத்தார். நூலைத் தலைமாட்டுக்கு மாற்றிக் கட்டினார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மனைவியின் பள்ளம் அதன் இடத்தில், நேராக, ஒழுங்காக இருந்தது. தன் பள்ளத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. அது நேராக இல்லை. மார்பிலிருந்து இடுப்பு வரை வந்து, அங்கிருந்து உள்பக்கம் வளைந்து, மறுபடி முழங்காலில் வெளியே வந்தது. நடுவில் விட்ட வளைவுக்குள் அந்த வட்டம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உடம்பைச் சுருட்டி இன்னொரு உடம்புக்கு இடம் கொடுத்த பள்ளம் அது. அந்த யாரோ வேறு யாருமில்லை, அவரேதான். ஆள் இல்லாத கட்டிலில் ஏறும் நாய் நட்ட நடுவில்தான் படுக்கும் என்பது அவர் நோட்டில் நாற்பது வீட்டுப் படத்தோடு இருக்கிறது. இது ஓரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இது ஏறியபோதெல்லாம் கட்டிலில் ஆள் இருந்திருக்கிறார்.

நூல்காரர் மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு ஏதோ தோன்ற, நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினார். இந்த மெத்தை வாங்கிய மறுவருடம், விளையாட்டாகத் தங்கள் இருவர் பள்ளத்தையும் அளந்து வரைந்திருந்தார். அப்போது இரண்டு பள்ளத்தின் மையத்துக்கும் இடையே முப்பத்தொரு அங்குலம். இப்போது நூலை வைத்து ஸ்கேலில் அளந்து பார்த்தார். நம்பாமல் மறுபடி பார்த்தார். இருபத்து நாலு. மனைவி இடம் மாறவில்லை. வெளியிலிருந்து நாய் தள்ளத் தள்ள, இவர்தான் ஏழு அங்குலம் அவர் பக்கம் போயிருக்கிறார். எதற்குப் பயந்து சட்டம் போட்டாரோ, அது நேர் எதிராக நடந்திருந்தது.

ஓட்டுநரம்மா வாசலில் வந்து நின்றார். நூல்காரர் தலை நிமிரவில்லை.

"எப்பலேருந்து?"

எட்டு மாதமாம். ஒருநாள் நாலு மணிக்கு எழுந்த ஓட்டுநரம்மா சீருடை போட்டுக்கொண்டிருக்கும்போது, இவர் தூக்கத்திலேயே மெத்தையைத் தட்டி, "வந்துட்டியா, வா" என்றிருக்கிறார். வாசற்படியில் படுத்திருந்த வக்கீல் காதை நிமிர்த்தி, ஓட்டுநரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்து ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்கியதும் ஐயா தூக்கத்தில் முனகிக்கொண்டு மறுபடி தட்டியிருக்கிறார். அப்புறம் நாளாக நாளாக அது அழைப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஓட்டுநரம்மா எழுந்திருக்கும்போதே அந்தப் பக்கம் அது இருக்கும், இந்தப் பக்கம் இவர் முதுகு அவர் முதுகை நெருங்கியிருக்கும். ஏழு மணிக்கு இவருடைய அலாரம் அடித்ததும் வக்கீல் சத்தமில்லாமல் இறங்கி வாசற்படிக்குப் போய்விடும். லீவு நாளில் ஓட்டுநரம்மா அதையும் பார்த்திருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? நாயக் காப்பாத்தக் கதை கட்டுறேன்னு சொல்லியிருப்பீங்க. உங்க நூல் சொன்னாத்தான நீங்க நம்புவீங்க." குரலை இறக்கிக்கொண்டார். "அதோட, இருட்டுல உங்களத் தனியா விட்டுட்டுப் போறது எனக்கு என்னிக்குமே பிடிக்கலங்க. அது வந்தப்புறம்தான் நிம்மதியா வண்டி எடுக்குறேன்."

நூல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க வேண்டுமே என்று படிவத்தில் குனிந்தார். ஒன்பது எண்களும் நிரம்பியிருந்தன. காரணம் என்ற கட்டத்தில், பயன்படுத்துபவர் தாமே பிராணியைப் படுக்கைக்கு அழைத்துள்ளார், கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதினார். ஓட்டுநரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, பேனாவை அவரிடமே நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

அதே குரல். அச்சு அசல் இவர் குரல். நூல்காரர் போட்டார்.

பிறகு வாசற்படியைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டே மெத்தையைத் தட்டினார். வக்கீல் அசையவில்லை. இன்னொரு முறை தட்டினார், வா என்று கூப்பிட்டார். அது வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு மூக்கைப் படியிலேயே வைத்துக்கொண்டது. விழித்திருக்கும் மனுஷனிடம் என்ன ஒப்பந்தம் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

நூல்காரர் யோசித்தார். நூலை அவிழ்த்துப் பையில் போட்டார். விரிப்பில்லாத மெத்தையில் தன் பள்ளத்தில் சாய்ந்து, உடம்பைச் சுருட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெளியே வேன் வந்து நிற்கும் சத்தமும், மச்சினன் செருப்பைக் கழற்றும் சத்தமும் கேட்டன. அப்புறம் தரையில் நகம் உரசும் சத்தம். மெத்தை லேசாக அமுங்கியது. வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சூடு வந்து வட்டமாகச் சுருண்டுகொண்டது.

"மாமா, எங்க அது?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் உள்ளே வந்தான்.

"மெதுவாப் பேசு," என்றார் ஓட்டுநரம்மா. "ரெண்டு பேரும் தூங்குறாங்க."