வீடு வீடாக நடக்கும் க்ளிக்

நிங்ரும் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. புரியாத எதையும் அவளால் அப்படியே விட முடியாது. புர்வொகெர்தோ நகரத்தில், மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில் அவள் நடத்தும் 'செகாக்' கம்பெனியில் ஆறு வருஷமாகப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். அந்த வியாதியால் என் மதியத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

தொழில் எளிது. நீளமான லிங்க்கைக் கொடுத்தால் குட்டியாக்கித் தருவோம். அதை நீங்கள் நாலு பேருக்கு அனுப்ப, அவர்கள் தட்ட, நடுவே பத்து விநாடி விளம்பரம் ஓடும். விளம்பரக்காரன் தருவதில் ஒரு பங்கு உங்களுக்கு. இதில் மெஷினை வைத்துத் தட்டி எங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடித்துக் கணக்கை மூடுவது அக்காவின் வேலை.

ஒரு திங்கட்கிழமை விளம்பரக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கராங்சலாக் என்ற மலைக் கிராமத்தில் ரசிதி என்ற பெண்ணின் கணக்கில் தினமும் முப்பத்தெட்டு க்ளிக். எல்லாம் ஒரே வைஃபையில், ஒரே வரிசையில். இது மெஷின்தான், வெள்ளிக்கிழமைக்குள் மூடாவிட்டால் உங்களுக்கு விளம்பரமே கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அப்படி நின்றால் எங்களை நம்பியிருக்கும் நாலாயிரம் பேர் வருமானமும் போய்விடும்.

நான் மூடப் போனேன். அக்கா தடுத்தாள்.

"இருடா. சாயங்காலம் நாலரைக்கு முதல் க்ளிக். அப்புறம் ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒண்ணு. பதினாலாவதுக்கு அப்புறம் பதினோரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. மறுபடி பழையபடி. எந்த மெஷின்டா நடுவுல டீ குடிக்கப் போகும்?"

"எப்படியும் மூடத்தானே போறோம்? தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"தெரியாம மூடினா எனக்குத் தூக்கம் வராது."

வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் பைக்கில் போனோம். ரசிதிக்கு ஐம்பது வயதிருக்கும். முட்டைக்கோஸ் தோட்டத்து வேலையை முடித்துவிட்டு, கையில் ஒரு நோட்டோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். கேட்டதும் எதையும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வாசல் ஆணியில டப்பா தொங்கும்மா. தினம் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பாங்க. அதை வித்து ஊர்ச் செலவைப் பாத்துக்குவோம். இப்பதான் ஊருக்கே பொதுவா ஒரு வைஃபை இருக்கு, எல்லார்கிட்டயும் போன் இருக்கே, அரிசிக்குப் பதிலா ஒரு க்ளிக் குடுங்கன்னு நான்தான் சொன்னேன். அந்த இறக்கத்துல விளக்குப் போட்டது இந்தக் காசுலதான்."

"வாட்ஸ்அப்புல அனுப்பினா போதாதா?" என்றேன்.

"அனுப்பினா எவன் தட்டுறான்? பக்கத்துல போய் நின்னாத்தான் தட்டுவாங்க."

அக்காவின் முகம் வாடிப்போனது. காசு வருமென்று சொல்லி யாரையும் தட்டச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அதை எழுதியதே அவள்தான். கணக்கை மூடித்தான் ஆக வேண்டும், இதுவரை சேர்ந்த பணத்தை முழுசாகக் கொடுத்துவிடுகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ரசிதி கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "தப்புன்னு தெரியாதும்மா. சரி, வாங்க. ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லணும்."

பதிமூன்று வீட்டில் பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "அப்ப அந்த சோப்பு விளம்பரப் பொண்ணை இனிமே பாக்க முடியாதா?" என்று ஒருவன் கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பதினாலாவது வீடு வர்சோனோவுடையது. முன்பு பஸ் ஓட்டியவர். ஒரு பக்கம் வாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார், கூட யாரும் இல்லை. சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வரும்; முன்பு வாசல் டப்பாவில் அவருக்காக அரிசி போட்டதும் அவர்கள்தான். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் போனைத் தட்டிவிட்டார். கூந்தல் எண்ணெய் விளம்பரம் வந்தது. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டு வழுக்கைத் தலையைத் தடவினார்.

"கேட்டியா ரசிதி, மூணே வாரத்துல முடி வளருமாம். வளந்தா என்னைக் கட்டிக்கிறியா?"

"மொதல்ல வளரட்டும்ணே, அப்புறம் பேசலாம்."

எண்ணெய் விலையைத் திட்டினார், மழை வருமா என்று கேட்டார், யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்று விசாரித்தார். பதினோரு நிமிஷம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. மெஷின் என்றானே அந்த விளம்பரக்காரன், அவன் விளம்பரத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

ரசிதி விஷயத்தைச் சொன்னாள். அவர் போனை மார்பில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப நாளையிலேருந்து?"

"பழையபடி அரிசிதான்ணே. நான் வருவேன்."

"வருவே. டப்பா வாசல்லதானே தொங்குது? எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பே. உள்ள வர என்ன இருக்கு?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரசிதி வெளியே போனாள். ஆணியை ஆட்டிப் பிடுங்கும் சத்தம் கேட்டது. டப்பாவும் ஆணியுமாக வந்து, அடுப்படியிலிருந்து அம்மிக்குழவியை எடுத்து, அவர் தலைமாட்டுத் தூணில் ஆணியை அடித்து டப்பாவை மாட்டினாள்.

"இனிமே இங்கதான் தொங்கும். நான் தொட மாட்டேன், நீங்கதான் அள்ளிக் குடுக்கணும்" என்றாள். "மெதுவா அள்ளுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."