பெரியப்பாவின் பத்து எண்கள்

நான்காம் வகுப்பு படிக்கும்போது எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. ஆனால் பெரியப்பாவின் போன் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வேன். அதற்குக் காரணம் பெரியம்மா. அம்பத்தூர் பக்கம் புதிதாக மூன்று மாடிக் கடை ஒன்று திறந்திருந்தார்கள். பில் போடும்போது போன் நம்பர் சொன்னால் பாயின்ட் ஏறும், பாயின்ட் சேர்ந்தால் குக்கர் இலவசம். மண்ணூர்பேட்டையில் ஒரே வீட்டில் இருந்த எங்கள் மூன்று குடும்பத்திலும் யார் எதை வாங்கினாலும் பெரியப்பாவின் நம்பரைத்தான் சொல்ல வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். பாயின்ட் சிதறிவிடக் கூடாதாம். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்லி, சரியாகச் சொன்னவர்களுக்கு முறுக்கு கொடுத்தாள். நான் நிறைய முறுக்கு தின்றேன்.

அந்தக் கடையைப் போல ஓர் அதிசயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் போனதுமே கண்ணாடிக் கதவு தானாக விலகும். உள்ளே கால் வைத்தால் சித்திரையிலும் மார்கழிக் குளிர். படிக்கட்டு ஆட்களை நிற்கவைத்தே மேலே கொண்டுபோகும். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது பில் போடும் இடம்தான். பத்து எண்களைத் தட்டியதும் அங்கே இருக்கிற அக்கா, பெரியப்பாவின் பெயரை இனிஷியலோடு சொல்வாள். அந்த இனிஷியல் எங்கள் தெருவில்கூட யாருக்கும் தெரியாது. இவ்வளவு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கடைக்கு எவ்வளவு அறிவு இருக்க வேண்டும் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தி என்னை மட்டும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பாவுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. நாள் தள்ளிப்போனாலே பெரியம்மா மோப்பம் பிடித்துவிடுவாள். அப்புறம் தெரு முழுக்கத் தெரியும். இல்லை என்று ஆனதும் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது. இந்த முறை, ஆமோ இல்லையோ, தான் ஒருத்தி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சித்தி நினைத்திருக்கிறாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் பெரியப்பாவோடு தினமும் டீ குடிக்கிறவர். பெரிய கடையில் யாருக்கும் யாரையும் தெரியாது என்று நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள்.

வாசலில் செக்யூரிட்டி சித்தியின் கைப்பையை வாங்கி, பிரித்துப் பார்த்துவிட்டு, பையின் வாயை இறுக்கிச் சிவப்பு டேக் போட்டார். எங்களுக்கு முன்னால் காரிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாவின் பையை அவர் தொடவே இல்லை. அந்த அம்மாவுக்கு டேக் கிடைக்காமல் போனதே என்று நான் பரிதாபப்பட்டேன்.

சித்தி ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட், எனக்கு ஸ்கெட்ச் பேனா எடுத்தாள். கூடையின் அடியில் ஒல்லியான ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தது. காய்ச்சல் பார்க்கிற கருவி என்று நினைத்துக்கொண்டேன். பில் போடும் அக்கா அதை இரண்டு முறை மிஷினில் காட்டினாள். மிஷின் கத்தவில்லை. உடனே அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பக்கத்து கவுன்டரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏய், இந்த பிரக்னன்சி கிட்டு இன்னா ரேட்டு, பாரு!"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி தரையைப் பார்த்தாள். நம் சாமானை இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"நம்பர் சொல்லுக்கா."

"நம்பர் வேணாம்மா. அப்டியே பில்லு போடு."

"நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காது."

"எங்கிட்ட போனே இல்லம்மா" என்றாள் சித்தி. பணத்தை மட்டும் கையில் வைத்திருந்தாள்; போன் டேக் போட்ட பைக்குள் இருந்தது.

"அப்போ ஊட்ல யார் நம்பரையாச்சும் சொல்லு. பின்னால எத்தினி பேரு நின்னுகினு கீறாங்க பாரு."

பின்னால் நின்ற ஒருவர் உச்சுக் கொட்டினார். சித்தியின் முகம் வியர்த்திருந்தது. பாவம், நம்பரை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற நான் ஒருத்தி இருக்கிறேனே! மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சித்தியின் கை என் வாயைப் பொத்தியபோது பத்தும் முடிந்திருந்தது.

அக்கா பெரியப்பாவின் பெயரை இனிஷியலோடு சொன்னாள். "பில்லு அவர் போனுக்குப் பூட்ச்சு."

"அத்த அழிக்க முடியுமாம்மா?" சித்தியின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதெல்லாம் நம்ம கைல இல்லக்கா. கொஞ்சம் தள்ளிக்கோ."

வெளியே போகும்போது செக்யூரிட்டி கடைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து பில்லோடு ஒத்துப் பார்த்தார். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பஸ்ஸில் சித்தி என்னைப் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். "பெரியப்பா போன யாரு பாப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். பாயின்ட் பார்ப்பதற்காகப் பெரியம்மா ஒவ்வொரு மெசேஜையும் தன் மகனான அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள் என்று விவரமாகச் சொன்னேன்.

எட்டாம் வகுப்பு படித்த அண்ணன், கடமை தவறாதவன். சோப்பிலிருந்து தொடங்கி எதையும் விடாமல் படித்துக் காட்டியிருந்தான். நாங்கள் தெருவில் திரும்பும்போதே நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்தது. சித்தப்பாவின் கம்பெனிக்கும் சித்தியின் அம்மா வீட்டுக்கும் போன் போயிருந்தது.

"இன்னாடி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போய்கினு கீற!" என்று பெரியம்மா சித்தியைக் கட்டிக்கொண்டாள். பஸ் வருவதற்குள் கடை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டதே என்று எனக்குப் புல்லரித்தது.

"இன்னும் பாக்கவே இல்லக்கா. காலைலதான் பாக்கணும்" என்றாள் சித்தி. யார் காதிலும் விழவில்லை. அவள் வாயில் கேசரி இருந்தது.

மறுநாள் காலையில் குளியலறை வாசலில் வீடே நின்றது. சித்தி கதவைத் திறந்து எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"ஒரு கோடுதான் வந்துகீதுக்கா."

ஒரு கோடு என்றால் இல்லை என்று அண்ணன் என் காதில் சொன்னான். பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றியது சித்திதான். சித்தப்பா வண்டிக்குக் காற்றடிக்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். அழக்கூட அவளுக்கு ஓர் இடம் வைக்காமல் செய்துவிட்டேன் என்பது இன்று எனக்குப் புரிகிறது. அன்று எனக்குக் கேசரி மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கவலை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பெரியப்பாவின் போனில் விளையாடிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து மெசேஜ் வந்தது. குட்டிப் பாப்பாவை வரவேற்கத் தயாரா, டயப்பர் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று தமிழிலேயே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கோடு காட்டிய அந்தக் குச்சி பொய் சொல்லியிருக்கலாம், கடை பொய் சொல்லுமா? ஓடிப்போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்தியிடம் உரக்கப் படித்தேன்.

சித்தி முழுக்கக் கேட்டாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி அதை அழித்தாள். "வேற யாருனா பாத்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் மெசேஜ் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். பெரியப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதும் சித்தி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் போனை எடுப்பாள். என்னைப் போலவே சித்தியும் அந்தக் கடையிலிருந்து மெசேஜ் எப்போது வரும் என்று ஆசையாகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.