கரோலினின் தோளுக்கு ஒரு துவக்கு

பேசாலை நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டியாரின் கடைசி மகளுக்கு மூத்தவன் கிளிபோட். எட்டு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோவில் வந்து இறங்கியவன். இப்போது அஜின்கோர்ட்டில் ஒரு கராஜில் பெரிய ட்ரக்குகள் திருத்துகிறான். அவன் கல்யாணம் முடித்தது பெரியபண்டிவிரிச்சான் ஊர் அருள்மலரை. அவர்களுக்கு ஒரே பிள்ளை கரோலின்.

வேட்டை கிளிபோட்டுக்குக் கராஜில் தொற்றிய பழக்கம். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரரோடு ஏழு வருசமாக, நவம்பர் வந்தால் வடக்கே மான் சுடப் போவான். துவக்கு இரவல். இந்த வருசம் கரோலினுக்குப் பன்னிரண்டு முடிந்தது. அந்த வயதுப் பிள்ளை வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணினால், பெரிய ஆள் ஒருவரோடு கூடக் காட்டுக்குப் போகலாம். இருவருக்கும் சேர்த்து ஒரு துவக்குத்தான். இங்கத்தைச் சட்டம் அப்படி. கரோலின் தொண்ணூற்றாறு எடுத்தாள்.

"கணக்குக்கு உப்பிடி எடுத்தால் நான் ஏன் கத்துறன்" என்று அருள்மலர் சிரித்தாள். சிரித்தது வாய் மட்டும்தான்.

அருள்மலருக்குப் பதினாறு வயது, இரண்டாயிரத்தெட்டுக் கடைசி. சண்டைக்கு வீட்டுக்கு ஓராள் வேணும் என்று இயக்கம் படலையில் வந்து நின்றது. தமையனுக்குக் கால் ஏலாது, தங்கச்சி சின்னன். இவள் போனாள். ஐந்து மாதம். கல்யாணம் பேசும்போதே போனில் கிளிபோட்டுக்கு அதைச் சொல்லிவிட்டாள். "சரி, அது என்னோட நிக்கட்டும். பிறக்கிற பிள்ளையளுக்கும் தெரிய வேண்டாம்" என்றான் அவன். அந்தச் சொல்லை இருவரும் காத்து வந்தார்கள். அவளுடைய காறை எலும்பில் ஒரு முடிச்சு உண்டு. சைக்கிளால் விழுந்தது என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

சொந்தமாக ஒரு துவக்கு வாங்கப் புறப்பட்ட அன்று, அருள்மலர் கடைக்குப் போகாமல் வோபர்னில் வீட்டிலேயே நின்றிருக்கலாம். ஆனால் கிளிபோட் தனியே போய்ச் சாமான் வாங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் பிள்ளைக்கு எது வாங்கினாலும் இரண்டு சைஸ் பெரிது. சப்பாத்துக்குள் கடதாசி அடைய வேண்டும். குளிர் ஜக்கெற்றுக்குள் கரோலினைத் தேட வேண்டும். கேட்டால், "வளருற பிள்ளை" என்பான்.

கடைக்காரர் நரைத்த மீசைக்கார வெள்ளைக்காரர். கிளிபோட்டின் லைசன்ஸைப் பார்த்துவிட்டு, இரண்டு துவக்குகளை மேசையில் வைத்தார். ஒன்று பிள்ளைகளுக்கென்றே, தோளில் முட்டும் பிடங்கைக் கட்டையாகச் செய்தது. மற்றது நீளம், பாரம், மாட்டளவு மூஸ் மானையும் விழுத்தும்.

கிளிபோட் நீளமானதைத் தூக்கினான். "உதுதான். ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே. அவளும் வளந்திடுவாள்."

"தோள் நோகும்" என்றார் கடைக்காரர் ஆங்கிலத்தில். "விருப்பம் உங்களுடையது."

கரோலின் அதை வாங்கித் தோளில் வைத்தாள். முனை தாழ்ந்தது. அதைத் தூக்க இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்தாள். பிடங்கு தோள் குழிக்குள் அடங்கவில்லை; எலும்பின் மேல் ஏறி நின்றது.

"இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள். ஓகே இல்லை என்று அவளுடைய கழுத்து நரம்பு சொன்னது.

அந்தச் சாய்வு அருள்மலருடைய பதினாறு வயதுச் சாய்வு. பிடங்கு நின்றதும் அதே காறை எலும்பின் மேல்.

"இஞ்சருங்கோ, சின்னதை எடுங்கோ."

"நீர் பேசாமல் நில்லும், மலர். உமக்கென்ன தெரியும் எண்டு..." சொல்லும்போதே கிளிபோட்டுக்கு நினைவு வந்துவிட்டது. மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, காசு அட்டையை மேசையில் வைத்தான். கடைக்காரர் அதை எடுத்தார்.

வாயைத் திறந்தால் பதின்மூன்று வருசம் காத்தது போய்விடும். திறக்காவிட்டால் பிள்ளை இதோடு காட்டுக்குப் போய்விடுவாள்.

"கொண்டா பிள்ளை."

வாங்கியதும் அருள்மலரின் கைகள் அவளைக் கேட்கவில்லை. முனை தரையைப் பார்த்தது. வலக்கை போல்ட்டை இழுத்துத் திறந்தது. கண் பார்த்தது, அதுவும் போதாதென்று சுண்டுவிரல் உள்ளே போய்த் தடவி, குண்டு இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டது. எல்லாம் ஒரு மூச்சுக்குள். கடைக்காரரின் கை அட்டையோடு அப்படியே நின்றது. கரோலின் தாயை முன்பின் காணாத ஆளைப் போலப் பார்த்தாள்.

"கையை மடி. பிடங்கு முழங்கை மடிப்புக்குள்ள. இப்ப விரல் விசைக்கு எட்டுதோ?"

எட்டவில்லை. இரண்டு அங்குலம் குறைந்தது.

சின்னதை வைத்தாள். விரல் போய் விசையில் இருந்தது. தோளில் வைக்கச் சொன்னாள். பிள்ளை நேராக நின்றாள், முனை தாழவில்லை.

"இது ஜக்கெற் இல்லை" என்று கிளிபோட்டிடம் சொன்னாள். "கடதாசி அடையேலாது."

கடைக்காரர் மெல்லச் சொன்னார்: பிடங்கில் துண்டு பூட்டி நீட்டலாம், தகப்பனுக்கும் ஆகும், மான் சுட இதுவே காணும். கிளிபோட் தலையாட்டினான்.

துவக்குப் பெட்டியைப் பூட்டி டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மார்க்கம் றோட் சிவப்பு விளக்கில் கரோலின் கேட்டாள்.

"அம்மா, ஹூ டோட் யூ தற்? ஆர் பழக்கினது?"

கிளிபோட் மனைவியைப் பார்த்தான். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"இயக்கம். சண்டை நடந்த நேரம். எனக்குப் பதினாறு."

"அப்பாக்குத் தெரியுமா?"

"ஓம்" என்றான் கிளிபோட்.

"ஆரையும்... சுட்டனீங்களா?"

"சுடச் சொன்ன பக்கம் சுட்டன். என்ன பட்டதெண்டு தெரியாது, பிள்ளை. உண்மையாத் தெரியாது."

விளக்குப் பச்சையானது. கிளிபோட் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான், பிறகு இன்னொருவன். அவன் மெல்ல எடுத்து, ஒரு கடை வாசலில் ஒதுக்கி நிறுத்தினான்.

"அப்ப நான் போறது உங்களுக்கு விருப்பமில்லையா?"

"நீ போ. ஆனா ஒண்டு கேள். ஏலாது எண்டு சொல்ல அவங்கள் என்னை விடேல்லை. நீ சொல்லலாம். மான் முன்னால வந்து நிண்டாலும் சொல்லலாம். விரலை எடு, அவ்வளவுதான். அப்பா ஏசமாட்டார்."

"ஏசமாட்டன்" என்றான் கிளிபோட்.

பின்சீற்றில் பெல்ற் கழலும் சத்தம் கேட்டது. கரோலின் முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு சீற்றுக்கும் இடையால் கையை நீட்டி, தாயின் சட்டைக் கழுத்துக்குள் விரலால் தேடினாள்.

"அப்ப சைக்கிள் இல்லையா?"

"சைக்கிள் இல்லை. எனக்கு அவங்கள் அளவு பார்க்கேல்லை."

"இதிலையா?"

"கொஞ்சம் மேலை" என்றாள் அருள்மலர். பிள்ளையின் விரலைப் பிடித்து, அந்த முடிச்சின் மேல் வைத்தாள்.