சென்டரைக் கொடுத்து சென்டரை வாங்கிய வாரம்

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் கழித்த நாட்களை எப்போது நினைத்தாலும் முதலில் வருவது களைப்புத்தான். மவுண்ட் ரோஸ்கில்லில் சுவரெல்லாம் ஈரம் ஊறிய ஒரு வாடகை வீடு. ஐஸ்கிரீம் டப்பா வார்க்கும் தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் வானொலியில் ஊர்ச் செய்தி ஏதாவது சொல்வார்களா என்று காது கொடுத்துக் கிடப்பது. இதற்குள் கூடைப்பந்து எப்படி நுழைந்தது என்று கேட்டால், மலேசியாவிலிருந்து வந்த என் நண்பனைத்தான் கைகாட்ட வேண்டும். நகரத்தில் ஒரு வங்கியில் வேலை செய்தான். பள்ளிக்கூட நாட்களில் சீனப் பிள்ளைகளோடு ஆடிப் பழகியவன். சனிக்கிழமை பின்னேரமானால் காரை எங்கள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பான். வீட்டில் கிடந்து யோசிப்பதைவிடப் பத்து நெட்டையர்கள் ஓடுவதைப் பார்ப்பது மேல் என்று போகத் தொடங்கினேன். போகப் போக அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது.

எங்கள் அணியின் சென்டர், அதாவது கூடைக்கடியில் மலைபோல் நின்று, உள்ளே விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பறிக்க வேண்டிய ஆள், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கறுப்பர். அந்த இடத்துக்கு அவருடைய உயரம் கொஞ்சம் போதாது. முழங்காலும் பழுது. ஆனாலும் தன்னைவிட உயர்ந்தவனை முதுகால் தள்ளித் தள்ளியே வெளியேற்றிவிடுவார். அணிக்குக் காசு கொடுக்கிறவர் எங்கள் முதலாளி என்பதால், கிழமை நாட்களில் இந்தச் சென்டரும் எங்கள் தொழிற்சாலையில் லொறிக்குச் சரக்கேற்றினார். அவருடைய விசா கழகத்தோடு கட்டப்பட்டது, என்னுடையது தொழிற்சாலையோடு. கட்டிய கயிறு வேறு, கட்டு ஒன்றுதான். தேநீர் இடைவேளையில் நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் மழை, முழங்கால், விசா இந்த மூன்றும்தான். கிளென் ஈடனில் பிறந்து வளர்ந்த ஒரு மாவோரிப் பெண்ணோடு அவர் அங்கேயே குடியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தது. எங்கள் கழகம் அவரைத் தெற்கேயுள்ள ஓர் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய ஏழடி சென்டரை வாங்கிக்கொண்டது. ஆட்டப் பருவத்தின் நடுவில் ஆளுக்கு ஆள் மாற்றுவது அந்த ஊருக்குப் புதிது. அன்று தொழிற்சாலையில் யாரும் வேலை செய்யவில்லை, செய்வதுபோல நின்றார்கள். ஏழடி, ஏழடி என்று மேற்பார்வையாளர் கோவில் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் தெருமுனை டெய்ரிக் கடைக்கார குஜராத்தி, பாலுக்கு மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டே, புதியவனுக்குக் கை மெத்தென்று இருக்கிறதாம், பந்து நழுவாதாம் என்று எனக்கு விளக்கினார். வானொலியில் ஒரு கிழவி தொலைபேசியில் அழைத்து, அணியின் நிறத்தில் தான் பின்னிய கம்பளிச் சால்வையைப் பிரித்துவிடப் போவதாக அழுதாள். அடுத்து அழைத்தவன், இவர் போனது சனியன் தொலைந்தது என்றான். முந்தின சனிக்கிழமை இவருடைய பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினவர்களில் அவனும் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். கைதட்டுகிறவர்களைப் போல நன்றி கெட்ட சாதியை நான் பார்த்ததில்லை.

என் நண்பனும் அந்தக் கட்சிதான்.

“மூட்டு போயிருச்சு லா, அண்ணே. எத்தன நாளைக்கு நொண்டிக்கிட்டே ஆடுவான்? எந்த கோச்சும் உயரத்தச் சொல்லிக் குடுக்க முடியாது.”

“அந்த மனிசன்ர வீட்டு நிலைமை தெரியுமே உனக்கு?”

“தெரியும். அதுக்காக ரீபவுண்ட் வந்துருமா?”

அவனோடு வாதாட எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அன்றைக்கு அவர் வேலைக்கும் வரவில்லை.

வீட்டில் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கூடைப்பந்தில் ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டு மூன்று முறை ஆட்டத்துக்கு வந்தபோது அந்த மாவோரிப் பெண் இவளைப் பக்கத்தில் இருத்தி, சிப்ஸ் பொட்டலத்தைப் பங்கிட்டது மட்டும்தான் பழக்கம். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, “நாளைக்குப் போய்ப் பாத்திட்டு வருவம்” என்றாள்.

“அவை கூப்பிடேல்லையே.”

“நல்லதுக்குத்தான் சொல்லோணும். கெட்டதுக்கு ஆர் கூப்பிடுறது? பிள்ளை வயித்தில இருக்கேக்க மனிசனைப் பறிச்சுக்கொண்டு போறாங்கள். இதைவிடக் கெட்டது என்ன?”

அதோடு முடிவாகிவிட்டது. நாங்கள் துக்கம் விசாரிக்கப் போவதென்று. அடுத்த நாள் காலை, இழவு வீட்டுக்குச் சமைத்துக் கொடுப்பதுபோலவே சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல் என்று மரக்கறியாகச் சமைத்து, பெரிய சட்டியைத் துவாயால் சுற்றினாள். கரையில்லாத பழைய பருத்திச் சேலை ஒன்றை உடுத்து மேலே கார்டிகனைப் போட்டுக்கொண்டாள். மாடு மாற்றியதுபோல ஆளை மாற்றியதில் சந்தோஷப்பட்ட நண்பன்தான் கார் ஓட்ட வேண்டியிருந்தது. எங்களிடம் கார் இல்லை. அவனும் மறுக்கவில்லை. என் மனைவி அவனுக்கு அக்கா. அக்கா சொன்னால் அவன் மறுக்க மாட்டான்.

கதவைத் திறந்தவர் அவர்தான். சட்டியையும் சேலையையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யார் செத்துப்போனது?” என்று கேட்டார். உண்மையிலேயே பயந்துபோய்த்தான் கேட்டார். பின்னால் வந்த அந்தப் பெண்தான் எங்களைப் புரிந்துகொண்டாள். அவர்கள் சனங்களிலும் துக்கத்துக்கு இப்படித்தான் வந்து இருப்பார்களாம். ஒன்றும் கேளாமல் என் மனைவியின் கன்னத்தோடு கன்னம் வைத்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். நாங்கள் இருந்தோம். எங்கள் வழக்கப்படி கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் தன் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு என் மனைவி, இழவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். “எப்படி நடந்தது?”

எங்கள் ஆட்களுக்கு இது கேள்வியே இல்லை. பறிகொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலிருந்து சொல்வார். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. ஏழடியைப் பற்றிக் கேட்டவர்கள் ஆயிரம் பேர், அவரிடம் இதைக் கேட்ட ஆள் அதுவரை இல்லைப் போலிருக்கிறது. அவர் சொல்லத் தொடங்கினார். வியாழக்கிழமை பின்னேரம் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார், எல்லாம் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை விமானம் என்றார், ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரிந்ததுதான்.

ஆறுதலாகச் சொல்ல எனக்கும் வேறொன்றும் தெரியாததால் நானும் அதையே கேட்டேன். இரண்டாம் முறை சொல்லும்போது கதை கொஞ்சம் நீண்டது. தெற்கேயுள்ள அணி இரண்டு பருவத்துக்கு ஒப்பந்தம் தருகிறதாம். இங்கே இந்தப் பருவம் முடிந்தால் முழங்காலைக் காட்டி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்களாம். இரண்டு பருவம் என்றால் இரண்டு வருஷ விசா. எனக்கு அது உடனே விளங்கியது. என் இடத்தில் யாராயிருந்தாலும் விளங்கியிருக்கும்.

மூன்றாவதாக நண்பன் வாயைத் திறந்தான். ஆட்டத்தின் விதிகளைப் பாடமாக்கி வைத்திருக்கிற விசிறி அவன். வஞ்சகமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டான்.

“ஆட்டக்காரர் கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாதே. நீங்கள் எப்போது போட்டீர்கள்?”

முழங்காலைத் தடவிய அவர் கை நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. “எப்போது போட்டாய்?” என்று அவளும் கேட்டாள்.

“போன திங்கட்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை நாங்கள் தொட்டில் வாங்கப் போனோம்” என்றாள். “ஜன்னலுக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய்.”

அவர் ஏதேதோ சொன்னார். இந்த நாட்டிலேயே இருக்கத்தான் போட்டேன், பிள்ளையோடு இருக்கத்தான் போட்டேன், சொன்னால் நீ அம்மாவை விட்டு வரமாட்டாய் என்று பயந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையைப் பிந்திச் சொன்னால் அது பொய்யைவிடக் கேவலமாகக் கேட்கிறது. அவள், “நீ கேட்டிருந்தால் வந்திருப்பேன்” என்றாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இழவு வீட்டிலிருந்து புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. நாங்களும் சொல்லாமல் எழுந்து வந்தோம். அந்த வழக்கம் அன்றைக்குப் பொருந்தியதுபோல வேறென்றைக்கும் பொருந்தியதில்லை.

காரில் வெகுநேரம் மழைத் துடைப்பான்தான் சத்தம் போட்டது.

“நான் கேட்டிருக்கக் கூடாது, அக்கா.”

“நீர் கேளாட்டி அவள் கேக்காமலே இருந்திருப்பாள், தம்பி. அது நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது” என்றாள் என் மனைவி.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டோமே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவளோடும் எரிச்சல், அவனோடும் எரிச்சல். உதவி செய்யப் போகிறவனுக்குக் குறைந்தபட்சம் நல்ல தூக்கமாவது வர வேண்டாமா?

திங்கட்கிழமை அவர் தனியாகப் போனார். புது ஏழடி வந்தான். நல்ல பையன். கையும் மெத்தென்றுதான் இருந்தது. எங்கள் அணி வரிசையாக வென்றது. சால்வையைப் பிரிக்கப் போவதாகச் சொன்ன கிழவி பிரித்தாளோ தெரியாது, வானொலியில் அவள் குரல் பிறகு கேட்கவில்லை. தொழிற்சாலையில் பழைய சென்டரின் பெயரைச் சொன்னால் ‘ஓ, அவனா’ என்றார்கள். நண்பன் ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் துள்ளிக் குதித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் இருந்துவிடுவான்.

என் மனைவி சட்டியை எடுத்துவரும் சாட்டில் கிளென் ஈடனுக்குப் போனாள். சட்டி வந்த பிறகும் பஸ் மாறி பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அவர் தெற்கிலிருந்து அழைக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தாய்தான் தொலைபேசியை எடுத்தாளாம். மகள் வரமாட்டாளாம். பிள்ளை பிறந்ததும் பெற்றவளுக்கு மிளகும் மருந்துச் சரக்கும் அரைத்து வைக்கிற சரக்குக் கறியை இவள் கொண்டுபோனாள். மிளகு காரம் தாங்காமல் கண்ணில் நீர் வர வர அவள் முழுவதையும் சாப்பிட்டாளாம். அவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். “அடுத்த சனிக்கிழமை அவன் அணி இங்கே ஆட வருகிறது. அவனாக வந்து கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்” என்று இவளிடம் பொறுப்பைக் கட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை என் மனைவியும் ஆட்டத்துக்கு வந்தாள். ஆட்டம் பார்க்க அல்ல. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணிச் சட்டையில் அவர் ஓடி வந்தபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. தொலைந்தான் என்றவர்களும் தட்டினார்கள். என் பக்கத்தில் ஒருத்தன் விசில் அடித்து என் காதைச் செவிடாக்கினான். அவர் ஒரு கையை உயர்த்திவிட்டுப் பயிற்சிப் பந்துகளை எறியத் தொடங்கினார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எங்கள் பக்கம் திரும்பவில்லை. கேள் ஐயா, வந்து கேட்டுத் தொலை என்று உள்ளுக்குள் மன்றாடினேன். எந்த ஆட்டத்திலும் எந்தக் கூடைக்கும் நான் அப்படி மன்றாடியதில்லை.

நடுவர்கள் களத்துக்கு வந்த பிறகுதான் அவர் பந்தை வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்தார். என்னையும் நண்பனையும் பார்க்கவில்லை. என் மனைவிக்கு முன்னால் குனிந்தார்.

“பிறந்துவிட்டதா?”

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, “மகள். ரெண்டு பேரும் சுகம்” என்று ஆங்கிலத்தில் முடித்தாள்.

அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் அங்கே அவருடைய பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தத் தொடங்கியிருந்தது. அவர் கேட்டதை நான் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். உயரமா என்று கேட்டார்.

என் மனைவி இரண்டு கைகளையும் விரித்து, இவ்வளவு என்று காட்டினாள். அவர் தன் கைகளை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து அதே அளவுக்கு விரித்து வைத்தார். நடுவர் விசில் ஊதினார். கைகளை அந்த அளவிலிருந்து மாற்றாமலே அவர் திரும்பி நடந்தார். புது சென்டர் நடு வட்டத்தில் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.