இடதுபக்க இருக்கை

யாங்கூனில் கார் வைத்திருக்கிற பல ஆண்கள் ஓட்டுவது பாதி வண்டியைத்தான். மீதியை ஓட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப் பக்கமாகப் போகும். ஆனால் கார்களில் நிறைய ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். அவற்றில் ஸ்டியரிங்கும் வலப் பக்கமே இருக்கும். ஓட்டுகிறவர் சாலையோரச் சாக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால், எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. இடப் பக்கம் இருக்கிறவர்தான் தலையை நீட்டிப் பார்த்து “யாபி” என்று சொல்ல வேண்டும். ஆச்சு, போகலாம் என்று அர்த்தம். போகக் கூடாது என்றால் “மயாபூ”. எங்கள் காரில் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த வேலை எனக்கு. காய்ச்சலோடு உட்கார்ந்தும் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு, நகரத்துக்கு வெளியே இருக்கிற மாவ்பி என்ற ஊரின் மேல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு துண்டு நிலம், நான்கு மாமரம், காற்று வருகிற வீடு என்று கனவு. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அந்த நிலத்தைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கோ நகரத்துக்குள்ளே மிங்கலா தாங்ஞுன்டில் கடை இருக்கிறது. பள்ளிக்கூடப் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் தைக்கிறேன். இரண்டு மெஷின், ரயில் சத்தம், மூன்று தெருவுக்கும் நான்தான் தையல்காரி. மாவ்பிக்குப் போனால் அந்தக் கடை போய்விடும். அங்கிருந்து எங்கே போக வேண்டுமானாலும் அவர் வண்டியை எடுத்தால்தான் நான் நகர முடியும். வர மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். சரி, பார்க்கலாம் என்பார். அந்த மனிதர் பார்க்கலாம் என்று சொன்னால் முடிவு பண்ணிவிட்டார் என்று அர்த்தம், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மலேசியாவில் இருக்கிற எங்கள் மகன் ஒரு பயணம் ஏற்பாடு செய்தான். இந்தோனேசியாவில் லொம்போக் என்ற தீவு, நடுவில் எரிமலை. ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாமே ஓட்டிப் போய், ஒவ்வொரு ஊரிலும் இறங்கி நடக்க வேண்டும். இரவு தங்க விடுதி ஏற்பாடாகியிருக்கும், எந்தப் பாதையில் நடப்பது என்பதை போனில் அனுப்பிவிடுவார்கள். காலையிலிருந்து மெஷினில் குனிந்தே இருக்கிற எனக்கு நடக்கக் கிடைக்கிறதே என்று ஆசையாக இருந்தது. புது கேன்வாஸ் ஷூகூட வாங்கினேன்.

அந்தத் தீவில் வண்டிகள் இடப் பக்கம் போகின்றன. ஸ்டியரிங் எங்கள் காரைப் போலவே வலப் பக்கம். அதாவது ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது எல்லாம் தெரியும். இடப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கால், புல், கோழிகள். முதல் நாள் ஒரு குதிரை வண்டியைத் தாண்ட அவர் திரும்பியபோது, வழக்கம்போல நான் எட்டிப் பார்த்து யாபி என்றேன். எனக்கு எதுவும் தெரியவில்லை, பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அவர் பெருமையாகச் சிரித்தார்.

“இங்க நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கே எல்லாம் தெரியுது. நீ சும்மா வா.”

சும்மா வா. எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலை விடுதிக்காரரிடமும் இதையே அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்: எங்கள் ஊரில் என் மனைவிதான் சபேயா, இங்கே அவளுக்கு லீவு. சபேயா என்றால் அந்தக் காலத்து பஸ்களில் படியில் தொங்கிக்கொண்டு கத்துகிற ஆள். விடுதிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்துவைத்தார். எனக்கு எல்லாம் புரிந்தது. நான் சிரிக்கவில்லை.

நடப்பது என்று வந்தோமே, அதுவும் நடக்கவில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்துவார், சுற்றுமுற்றும் பார்ப்பார், மேலே வரைக்கும் ரோடு இருக்கிறதே என்பார். மேலே ஏறிப் போய் வண்டிக்குள் இருந்தபடியே மலையைக் காட்டுவார். எதிர்ச்சாலை முழுவதும் தன் கண்ணுக்குத் தெரிகிற வண்டி வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்திருக்கிறது. அதை விட்டு இறங்க மனம் வரவில்லை. என் ஷூ பளபளவென்று புதிதாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மலையடிவாரத்துப் பள்ளத்தாக்கு ஊருக்குப் போகிற வழியில், வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்பிக்கொண்டே சொன்னார். மாவ்பி நிலத்தைப் பேசி முடித்துவிட்டாராம். மழைக்காலம் முடிந்ததும் வீடு கட்டத் தொடங்குகிறார்களாம். மகனுக்கும் தெரியுமாம். நாம அங்க நிம்மதியா இருக்கலாம் என்றார். அவர் ‘நாம’ என்று சொல்லும்போதெல்லாம் அதில் நான் இருப்பதில்லை. கடை என்ன ஆகும் என்று கேட்டேன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்த லுங்கி தைக்கிறது, போதும், ரெஸ்ட் எடு என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியூருக்குக் கூட்டிவந்து, ஓடுகிற வண்டியில் வைத்து, எழுந்து போக வழியில்லாத இடத்தில் சொல்கிறார். இந்தப் பயணமே இதைச் சொல்வதற்காகத்தான் என்று தோன்றியது. அப்பனும் மகனும் சேர்ந்து எனக்கு லஞ்சம் கொடுத்திருக்கிறார்கள்.

 அதற்கப்புறம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, எண்ணெய் போட்டுக்கொண்டு, மறுபடி சாலையில் ஏறினார். காலியான சாலை, இரண்டு பக்கமும் வெங்காய வயல். எனக்கு அந்தத் தீவுக்கு வந்த பிறகு முதல் முறையாக உட்கார்ந்திருப்பது சரியாக இருப்பதுபோல் இருந்தது. சாலை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் முகத்திலும் ஒரு நிதானம். இருவருக்கும் உறைக்கவில்லை: பங்கிலிருந்து ஏறும்போது பழக்கத்தில் சாலையின் வலப் பக்கம் ஏறிவிட்டிருக்கிறார். அதனால்தான் மாவ்பி ரோடு மாதிரி சௌகரியமாக இருந்திருக்கிறது.

வளைவில் லாரி வந்தது, நேராக எங்கள் முகத்துக்கு. இவன் ஏன் நம்ம பக்கம் வருகிறான் என்று லாரிக்காரன் மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே வண்டியை ஒடித்து வயல் வரப்பில் இரண்டு சக்கரத்தை இறக்கினான். இவர் இடப் பக்கம் ஒடித்தார். எங்கள் கார் சரியான ஓரத்துக்குப் போய் மண்ணில் நின்றது. லாரிக்காரன் இறங்காமல் ஏதோ திட்டிவிட்டு, சக்கரத்தை மேலேற்றிப் போய்விட்டான்.  இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

“பார்த்துக்கிட்டுத்தானே ஒக்காந்திருந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

பதினைந்து வருஷமாகச் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னால் சபேயா, சொல்லாவிட்டால் குற்றவாளி. நான் பையை எடுத்தேன், தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், இறங்கினேன். அன்றைக்கு நடக்க வேண்டிய பாதை சற்று முன்னால்தான் தொடங்கியது. மலைத்தோள் ஒன்றைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊரில் இறங்கும். நான் நடந்து வருகிறேன், நீங்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

எரிமலை மண் கறுப்பாக, பொடிப்பொடியாக இருந்தது. ஏற ஏறக் கால் வழுக்கியது. நான் சத்தமாகத் திட்டிக்கொண்டே ஏறினேன். தமிழில் தீர்ந்தபோது பர்மிய மொழியில் திட்டினேன். மாமரம் நான்கையும் திட்டினேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, எனக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்திருப்பாள், வெள்ளரிக்காய் ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கடித்துக்கொண்டே திட்டினேன். மேலே போனதும் மேகம் விலகி, எரிமலை மொத்தமாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அழகு என்று ஒப்புக்கொள்ளவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கால்கள் வலிக்கவில்லை. யாரும் கூட்டிப் போகாமல் நானாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இறங்கிய ஊரில் கார் இல்லை. மசூதிக்கு எதிரே ஒரு கடை வாசலில் காத்திருந்தேன். என் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. கடைக்காரம்மா போனைக் கொடுத்தாள், அவர் எடுக்கவில்லை. முதலில் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு லாரி ஞாபகம் வந்தது. அந்த வளைவு, மறுபடியும் பழக்கத்தில் வலப் பக்கம் திருப்பியிருந்தால்.  சாவதற்கு இங்கேயா வந்தார், அதுவும் நான் கோபித்துக்கொண்டு போன அன்றைக்கா என்று அதற்கும் கோபம் வந்தது. வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிடித்து, ரோட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று பார்த்தேன்.

கார் நான் இறங்கிய இடத்திலேயே நின்றது. ஓர் அடிகூட நகரவில்லை. வலப் பக்கம் வெயில் என்று அவர் என் இருக்கைக்கு மாறி உட்கார்ந்திருந்தார். மடியில் போன், சத்தம் அணைத்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, கதவில் தலையை இடித்துக்கொண்டார்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“நீ இல்லாம எப்படி எடுக்கிறது? யாரு பாத்துச் சொல்லுவா?”

முந்தாநாள் எல்லாம் தெரிந்தது, இன்றைக்கு யார் சொல்வது. அவர் பயந்துபோயிருந்தார், முகம் சின்னதாகியிருந்தது. இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை யாங்கூனில் ஒரு தடவை, நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யாருமே இல்லாத வெங்காய வயலில் சொல்கிறார். வழியெல்லாம் அவர் பிணத்தைத் தேடிக்கொண்டு வந்தவள் நான், குரலை உயர்த்தக்கூடத் தெம்பில்லை.

மாவ்பிக்கு நான் வரவில்லை என்றேன். நீங்கள் வீடு கட்டுங்கள், போய் இருங்கள், நான் கடையோடு இருக்கிறேன். இது கோபத்தில் சொல்வது இல்லை, திரும்பிப் போனதும் மாறாது என்றும் சொன்னேன்.

 தனியாக எப்படி இருப்பேன் என்று கேட்பார், யார் சமைப்பார்கள் என்றாவது கேட்பார் என்று நினைத்தேன்.

“அப்போ அந்த மாவ்பி ரோட்டுல நான் எப்படி வண்டி ஓட்டுறது?”

“மெதுவா ஓட்டுங்க” என்றேன். “யாரையும் முந்தாதீங்க.”